புகார் எதுவும் இல்லை

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை, செய்வதற்கு வேறொன்றும் தோன்றாமல் ஜெசிந்தா மடிக்கணினியைத் திறந்தாள். நான்காம் பதிப்பின் புகார்ப் பக்கம் காலியாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது, பொங்கலுக்குப் பிறகு பார்த்தபோதும் அப்படித்தான். நல்ல செய்திதான். ஆனால் மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. அம்மா போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே வரவில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தை மூடினாள்.

அந்த மென்பொருளுக்கு ‘சமன்’ என்று பெயர். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்குக் காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சிறிய கருவியை வைப்பார்கள். அதிலிருந்து மயிரிழை போன்ற ஒரு கம்பி மூளைக்குப் போகும். கருவிக்குள் ஓடுவது சமன். அதைச் செய்து விற்ற வெளிநாட்டு நிறுவனம் சில வருடங்களிலேயே கடையைக் கட்டிவிட்டது. போகும்போது அது செய்த ஒரே நல்ல காரியம், மென்பொருளின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்துவிட்டுப் போனது. உடம்புக்குள் கருவி இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இல்லை என்று தவித்த நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும், நிரல் எழுதத் தெரிந்த இன்னும் பலரும் சேர்ந்து அதை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அலுவலகம் கிடையாது, சம்பளம் கிடையாது. முக்கால்வாசிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததும் கிடையாது.

ஜெசிந்தா திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் கணினி அறிவியல் பாடம் நடத்துபவள். தம்பி தனிஸ்லாஸுக்குக் கருவி வைத்திருந்ததால் இதில் வந்து சேர்ந்தாள். நிரல் எழுதுவதில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அவசரப்படாத குணம் அவளுக்கு இருந்தது. அதனால் பதிப்புகளை வெளியிடும் பொறுப்பு மெல்ல மெல்ல அவளிடம் வந்து நின்றுவிட்டது.

பொறுப்பு என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒரு சொல்லை மாற்றுவதுதான். புதிய பதிப்பு எதுவானாலும் முதலில் ‘முன்னோட்டம்’ என்ற பெயரில் வரும். விஷயம் தெரிந்து சம்மதித்த கொஞ்சம் பேர் மட்டும் அதைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு பருவம் முழுக்கக் கடுமையான புகார் எதுவும் வராவிட்டால், ஜெசிந்தா அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘நிலையானது’ என்று போடுவாள். மருத்துவர்கள் உள்ளே இருக்கும் நிரலைப் படிப்பதில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும்தான் பார்ப்பார்கள். அந்தச் சொல் வந்துவிட்டால், தன் நெஞ்சுக்குள் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்றே தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் கருவிக்குள், அடுத்த முறை மின்னேற்றும்போது புதியது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அன்று மதியம் மாதேஷ் கூப்பிட்டான். நான்காம் பதிப்பின் முக்கியமான பகுதியை எழுதியவன் அவன். ஓசூரில் தனியாக இருந்தான். அவனுக்கும் கருவி உண்டு. எழுதியவனே முதலில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி, முன்னோட்டத்தை முதன்முதலில் போட்டுக்கொண்டவனும் அவன்தான்.

“அம்மா விஷயம் கேள்விப்பட்டேன் ஜெசிந்தா. வருத்தமா இருக்கு” என்றான். செய்தி வாசிப்பவர் மழை அளவைச் சொல்வதுபோல இருந்தது. பிறகு கேட்டான். “நாலாவத எப்ப ஸ்டேபிள்னு போடப் போறீங்க? டாக்டருங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“முப்பதாம் நாள் பூசை முடியட்டும் மாதேஷ். அதுக்கு அடுத்த வாரம் போட்டுடறேன்.”

“சரி” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

நான்காம் பதிப்பு உண்மையிலேயே அதிசயம்தான். பழைய பதிப்பில் தனிஸ்லாஸுக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது வலிப்பு வரும். ஒரு முறை பாலக்கரை மேம்பாலத்தில் வண்டியோடு விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. வேலை பார்த்த அச்சகத்தில் இயந்திரத்தின் பக்கமே விடமாட்டேன் என்று சொல்லி, பொட்டலம் கட்டுகிற இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். முன்னோட்டம் போட்ட பிறகு ஒரு வலிப்புகூட இல்லை. திரும்ப இயந்திரத்துக்குப் போய்விட்டான்.

அம்மாவின் அடக்கத்தையும் முழுக்க அவன்தான் நடத்தினான். பெட்டி சொன்னது, கல்லறையில் இடம் பார்த்தது, வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு சொன்னது, சாமியாரை அழைத்து வந்தது எல்லாம் அவன். ஒரு இடத்தில்கூடக் குரல் உடையவில்லை. லால்குடியிலிருந்து வந்த சித்தப்பா ஜெசிந்தாவிடம், “எவ்வளவு பொறுப்பா நடந்துக்குறான் பாத்தியா? முன்னெல்லாம் தொட்டா சிணுங்குவான்” என்றார். அவளும் தலையாட்டினாள். அவளும்தான் அழவில்லை. பெட்டியை மூடும்போது அருகில் நின்றுகொண்டு, ஆணி சரியாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் தம்பி அழாதது அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் எரிவாயு உருளைக்காரர் வந்து, “அம்மா! சிலிண்டர்!” என்று வழக்கமான பெருங்குரலில் கூப்பிட்டார். அந்தக் குரலுக்கு எப்போதும் உள்ளேயிருந்து, “இருப்பா, சாவி எடுத்துட்டு வர்றேன்” என்று பதில் போகும். அன்று போகவில்லை. உருளைக்காரர் இன்னொரு முறை கூப்பிட்டார். ஜெசிந்தா போய்க் கதவைத் திறந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உருளைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல், உருளையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார்.

அன்று அவள் கல்லூரிக்குப் போகவில்லை. தம்பி வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, தம்பி மனைவி பிலோமினாவிடம் பேசினாள்.

“தனிஸ் எப்படிம்மா இருக்கான்? அழுதானா?”



“அண்ணி, நீங்களா கேக்கணும்னுதான் இருந்தேன்” என்றாள் பிலோமினா. “அவரு அழல. அத்தைக்கு மட்டும் இல்ல. எதுக்குமே ஒண்ணும் இல்ல அண்ணி. ரொம்ப நல்லவரா ஆயிட்டாரு. சண்டை போடறதில்ல, சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாக்கூட பேசாம சாப்பிடுறாரு. எங்க வீட்டுல எல்லாரும் நீ குடுத்து வச்சவன்றாங்க. எனக்கு பயமா இருக்கு.”

“பயமா? என்னத்துக்கு?”

“நம்ம ரெனி மாடிப்படில விழுந்தாள்ல, போன மாசம்? தாடையெல்லாம் ரத்தம். நான் கத்துனேன். இவரு குளிச்சிட்டிருந்தாரு. வந்தாரு, பாத்தாரு, துண்டு வச்சு அழுத்துனாரு, ஆட்டோ கூட்டியாந்தாரு, தையல் போட்டுக் கூட்டிட்டு வந்தாரு. எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு.” பிலோமினா மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஆனா ஓடல அண்ணி. ஆட்டோ கூப்பிட நடந்துதான் போனாரு.”



“இத யார்கிட்டயாவது சொன்னியா?”

“உங்க புகார்ப் பக்கத்துலதான் போய் எழுதினேன், அப்பவே. கருவி வச்சிருக்கறவங்க மட்டும்தான் புகார் குடுக்கலாம்னு பதில் வந்துச்சு. இவருகிட்ட நீங்க எழுதுங்கன்னேன். எனக்கென்ன குறைன்னு கேட்டாரு. நானும் விட்டுட்டேன்.”

அது தானாகப் போகிற பதில். நோயாளியின் அந்தரங்கத்தை வீட்டார் வெளியே போடக்கூடாது என்பதற்காக, ஆரம்ப காலத்தில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து வைத்த விதி. நல்ல விதி என்றுதான் ஜெசிந்தாவும் நினைத்திருந்தாள்.

மாலையில் தம்பி வீட்டுக்குப் போனாள். தனிஸ்லாஸ் அச்சகத்திலிருந்து வந்து, மகள் ரெனியின் பள்ளிக்கூடக் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டான்.

“தனிஸ், ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. அம்மா செத்தப்ப உனக்கு எப்படிடா இருந்துச்சு?”

அவன் யோசித்தான். மறைப்பதற்காக யோசிப்பது போல இல்லை. சரியான சொல்லைத் தேடுவது போலத்தான் இருந்தது.

“ஒண்ணும் இல்லக்கா.”

“அழுகை வரலையா?”

“வரணும்னு தெரிஞ்சுது. வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. நேரம் ஆயிடுச்சுன்னு பெட்டிய மூடச் சொல்லிட்டேன்.”

“எத்தன நாளா இப்படி?”

“இதப் போட்டதுல இருந்து. முதல்ல கோவம் வரல. அப்பறம் மத்ததும் வரல.”

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலையேக்கா.”

“நான் கேக்காட்டி என்ன, புகார்ப் பக்கம்னு ஒண்ணு எதுக்குடா இருக்கு? அதுல எழுதியிருக்கலாம்ல?”

தனிஸ்லாஸ் ஒரு காலணியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். “புகார்னா குறை இருக்கணும். எனக்கு ஒரு குறையும் இல்லக்கா. வலிப்பு இல்ல, வேலை இருக்கு. எழுதச் சொன்னா எழுதறேன்.”

அவன் முகத்தை அவள் பார்த்தாள். சின்ன வயதில் கோழிக்குஞ்சு செத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவனின் முகம்தான் அது. இப்போது மழித்து, துடைத்து, அமைதியாக இருந்தது. பிலோமினா சமையலறை வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாட்கள் ஜெசிந்தா கல்லூரி முடிந்ததும் தொலைபேசியோடு உட்கார்ந்தாள். முன்னோட்டம் போட்டுக்கொண்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. குறை இருந்தால் அவர்களே எழுதுவார்கள் என்பதுதான் ஏற்பாடு. எந்தத் திறந்தநிலை மென்பொருளிலும் அதுதான் வழக்கம்.

கடையநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த மீரான் மைதீன், கேட்டவுடனே சொன்னார். “மவளுக்குப் புள்ள பொறந்துருக்கு. தென்காசிலதான் இருக்கா. பஸ் ஏறினா போயிரலாம். இன்னும் போய்ப் பாக்கல பாத்துக்கிடுங்க. போவக்கூடாதுன்னு இல்ல. போவணும்னு தோணல. வூட்ல எல்லாரும் ஏசுதாவ.” பிறகு கொஞ்சம் ஆச்சரியத்தோடு கேட்டார். “ஏம்மா, இதெல்லாமா வியாதிக் கணக்குல வரும்?”

காரைக்காலில் பள்ளி ஆசிரியையாக இருந்த அபிராமசுந்தரி, தன் வகுப்பில் இப்போது யாரையும் திட்டுவதில்லை என்றும், பிள்ளைகளுக்கெல்லாம் தன்னைப் பிடித்துப்போய்விட்டது என்றும் சொன்னார். “ஒரு பொண்ணு பரீட்சை போயிடுச்சுன்னு என் முன்னாடி நின்னு தேம்பித் தேம்பி அழுதா. நான் அடுத்த பீரியடுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு கடிகாரத்தப் பாத்துட்டிருந்தேன். அப்ப லேசா நெனச்சேன், இது நான் இல்லையேன்னு. அப்பறம் மணி அடிச்சிடுச்சு.”

இன்னும் பலர். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், ஒளிக்காமல் பேசினார்கள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒருவர்கூட, “இதைச் சரிசெய்து கொடுங்கள்” என்று சொல்லவில்லை.

கடைசியாக மாதேஷைக் கூப்பிட்டாள். காணொளியில் அவன் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லச் சொல்ல, இடையில் குறுக்கிடாமல் கேட்டான்.

“தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“இது இப்படித்தான் ஆகுதுன்னு. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எனக்கும் எங்கப்பாவுக்கும் பல வருஷமா பேச்சு கெடையாது. என்னோட கல்யாணம் நின்னதுக்கு அவருதான் காரணம். இந்தத் தடவை அவரா வந்து என் கையப் பிடிச்சிட்டு அழுதாரு. தப்புப் பண்ணிட்டேன்டானு சொன்னாரு. நான் பாத்துட்டு இருந்தேன். கைய உருவிக்கவும் இல்ல, பிடிச்சுக்கவும் இல்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு.”

“என்ன புரிஞ்சுது, சொல்லுங்க.”

“வலிப்பு வர்றதுக்கு முன்னாடி மூளைல ஒரு அலை எழும்பும். மூணாவது பதிப்பு, அது பெருசா எழும்புனப்பறம்தான் அடிக்கும். அதனாலதான் சில நேரம் தவறிப்போகும். நாலாவது, அலை ஆரம்பிக்கும்போதே அடிச்சிடும். ஆனா அழுகைக்கும் கோவத்துக்கும்கூட அதே மாதிரிதான் ஒண்ணு ஆரம்பிக்குது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அதுக்கு நான் சொல்லிக் குடுக்கல. எனக்கே தெரியல அப்ப.”

“பொங்கல்லயே தெரிஞ்சும் ஏன் மாதேஷ் எழுதல? பூசை முடிஞ்சதும் நான் ஸ்டேபிள்னு போட இருந்தேன். எத்தன பேருக்குப் போயிருக்கும்!”

“எழுதணும்னு தெரியும் ஜெசிந்தா. அவசரமாப் படல.” அவன் அவளை நேராகப் பார்த்துச் சொன்னான். “நீங்க கோவமா இருக்கீங்கன்னு தெரியுது. எனக்குக் குற்ற உணர்ச்சி வரணும். வரல. சாரி.”

அவளால் அதற்குமேல் திட்ட முடியவில்லை. திட்டு போய்ச் சேருவதற்கு அங்கே இடமில்லை.

அன்றே அவள் வெளியீட்டுப் பக்கத்தில் எழுதினாள். வழக்கமாக அதில் எழுதுவது நாலு வரி, அதுவும் நிரல் எழுதுபவர்களுக்கு மட்டும் புரிகிற வரி. இந்த முறை, யார் படித்தாலும் புரியும்படி எழுதினாள். ‘நான்காம் பதிப்பு நிலையானது அல்ல. அது வலிப்பை நிறுத்துகிறது. அதோடு துக்கம், கோபம், பாசம் எல்லாவற்றையும் மங்கச் செய்கிறது. போட்டுக்கொண்டவர்களுக்கு இது தெரிகிறது. ஆனால் அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள், சொல்லவேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றாது. புகார் வராததை நாங்கள் நலம் என்று நினைத்துவிட்டோம். கூட இருப்பவர்கள் இனிமேல் எழுதலாம். எழுதுங்கள்.’

எழுதினார்கள். மனைவிகள், அண்ணன்கள், ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்கள். காலியாக இருந்த பக்கம் வழிந்துபோயிற்று. கூடவே வேறு விதமான கடிதங்களும் வந்தன. சேலத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். ‘என் மகள் ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுகிறாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். நான்காவது வந்தால் விழமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அழுகை வராவிட்டால் வராமல் போகட்டும் அம்மா. இங்கே நாங்கள் இருக்கிறோம் அழுவதற்கு. தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.’

அந்தக் கடிதத்துக்கு ஜெசிந்தா பல முறை பதில் எழுதி அழித்தாள். கடைசியில், ‘கொஞ்சம் பொறுங்கள், சரிசெய்துகொண்டிருக்கிறோம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள். தனக்கே அது போதவில்லை என்று தெரிந்தது.

தம்பி விஷயம் இன்னும் சிக்கலாக இருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகலாமா என்று அவனிடம் கேட்டதற்கு, “நீ சொன்னா சரிக்கா” என்றான். விதிப்படி, பதிப்பை மாற்ற அவன் சம்மதம் வேண்டும். சம்மதம் சொல்லிவிட்டான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியாதவன் சொல்லும் சரியை எப்படி எடுத்துக்கொள்வது?

பிலோமினாவிடம் கேட்டாள்.

“பழசு வேணாம் அண்ணி” என்றாள் அவள் உடனே. பிறகு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். “இதுவும் வேணாம். பழசுல அவரு விழுந்துருவாரோன்னு உயிரக் கையில பிடிச்சிட்டு இருப்பேன். இதுல அவரு விழ மாட்டாரு, ஆனா நான் விழுந்தா நடந்துதான் வருவாரு. எதச் சொல்றது நான்? புதுசா ஒண்ணு பண்றாங்கன்னீங்களே, அது வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். வேலையாவது இருக்கும்.”

அதைச் சரிசெய்யும் வேலையை மாதேஷே எடுத்துக்கொண்டான். வேறு ஆள் இல்லை. அந்தப் பகுதியை அவனளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் யாரும் இல்லை. குற்ற உணர்ச்சி இல்லாமல், பதற்றம் இல்லாமல், யார் திட்டினாலும் மனம் கோணாமல் தினமும் உட்கார்ந்து எழுதினான். கூட்டங்களில் சிலர் அவனைக் கொலைகாரன் என்றுகூடச் சொன்னார்கள். “அந்தப் பகுதில இன்னொரு தப்பு இருந்துச்சு, அதையும் திருத்திட்டேன்” என்று பதில் சொன்னான். மற்றவர்களுடைய மூளையலைப் பதிவுகளை, அவர்கள் அழுதபோதும் சிரித்தபோதும் எடுத்தவற்றை, நூற்றுக்கணக்கில் கேட்டு வாங்கி, வலிப்பின் அலைக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்தான். ஜெசிந்தாவுடையதையும் கேட்டான். பழக்கமான மருத்துவமனையில் தலையில் கம்பிகளை ஒட்டி உட்காரவைத்து, உங்களுக்கு அழுகை வரும்படி எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் எரிவாயு உருளைக்காரரின் குரலை நினைத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பூசையில் தனிஸ்லாஸ் முதல் வரிசையில் நின்றான். பாடல்களை ஒழுங்காகப் பாடினான். வந்தவர்களுக்கெல்லாம் பன்னும் டீயும் கொடுத்தான். ஜெசிந்தா அவனைப் பார்க்காமல் இருப்பதற்காக, பீடத்தில் எரிந்த மெழுகுவத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோன்பு முடிந்து, ஈஸ்டரும் போய், வெயில் ஏறியபிறகு நான்காம் பதிப்பின் முதல் திருத்தம் தயாரானது. முன்னோட்டம்தான். மாதேஷ் முதலில் போட்டுக்கொண்டான். அடுத்த நாள் தனிஸ்லாஸ், பிறகு மீரான் மைதீன், அபிராமசுந்தரி, இன்னும் சிலர். தம்பியின் சட்டையை விலக்கி, கருவிக்கு மேலே மின்னேற்றும் தட்டை வைத்துக்கொண்டு ஜெசிந்தா அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். அது முடிந்ததும் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “டீ போடவாக்கா?” என்று கேட்டான். எந்த வித்தியாசமும் இல்லை.

அதன்பிறகு புகார்ப் பக்கம் மறுபடி அமைதியானது. ஒரு நாள், இரண்டு நாள், அதற்கும் மேல். முன்பெல்லாம் காலியான பக்கத்தைப் பார்த்தால் நிம்மதி வரும். இப்போது அதைத் திறக்கவே கை தயங்கியது. சோறு இறங்கவில்லை. வகுப்பில் பாதிப் பாடத்தில் நின்று, என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று மாணவிகளைக் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து பக்கத்தைத் திறந்தபோது ஒரு புகார் இருந்தது. கடுமையானது என்று குறிக்கப்பட்டிருந்தது. எழுதியது தனிஸ்லாஸ்.

‘வலிப்பு வரவில்லை. ஆனால் நேற்றிலிருந்து அம்மா ஞாபகம் நிற்கவே மாட்டேன் என்கிறது. பெட்டியை நான் மூடச் சொன்னது திரும்பத் திரும்ப வருகிறது. நெஞ்சை அடைக்கிறது. சாப்பிட முடியவில்லை. மகளின் தாடைத் தழும்பைப் பார்க்க முடியவில்லை. கருவியைப் பரிசோதித்துச் சரிசெய்து கொடுக்கவும்.’

அதன் கீழே, கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் எழுதியிருந்தார். ‘எனக்கும் இதே பிரச்சினை. பேரனைப் பார்த்துவிட்டு வந்தேன். இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேனே என்று உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மீரான் மைதீன், கடையநல்லூர்.’

அதற்கும் கீழே: ‘எனக்கும். அபிராமசுந்தரி.’

கடைசியில் மாதேஷ். அவன் எந்தப் புகாருக்கும் பத்தி பத்தியாக விளக்கம் எழுதுபவன். இதில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தான். ‘எனக்கும்.’

அந்தப் பதிப்பு நிலையானது என்று பெயர் பெறுவதற்கு அடுத்த வருடம் ஆயிற்று. போட்டுக்கொண்டவர்களோடு கூட இருப்பவர்களும் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பதிப்பையும் அப்படி அழைக்கக்கூடாது என்று புதிய விதி வந்தது. சேலத்துப் பெண்ணுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவள் விழுவது நின்றது. அவளுடைய தாய் எழுதிய நன்றிக் கடிதத்தில், மகள் இப்போது தன்னோடு தினமும் சண்டை போடுவதாகவும் ஒரு வரி இருந்தது. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தாவுக்கு முன்னால் இருந்தது அந்த ஒரு புகார்தான். கடுமையான புகாரை எப்போதும் திறந்து வைத்திருக்க முடியாது. ஒன்று சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் இது பழுது அல்ல என்று எழுதி மூட வேண்டும். பழுது அல்ல என்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அவள் அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தவில்லை. தொலைபேசியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

நெடுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தான்.

“தனிஸ், நீ எழுதினதப் பாத்தேன்டா.”

“சரி பண்ணிடுவீங்களாக்கா?” குரல் கரகரத்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “தாங்க முடியலக்கா. நேத்துல இருந்து இப்படியே இருக்கு. கம்பி எங்கயாவது நகந்திருக்குமா?”

“கம்பி எல்லாம் சரியாத்தான்டா இருக்கு.” அவள் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “இது பழுது இல்லடா. அம்மா செத்துப்போயிட்டாங்கல்ல, அதான். எல்லாருக்கும் இருக்கறதுதான். இதுல சரி பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் புகார நீயே எடுத்துடு.”

பின்னால் எங்கோ ரெனி, அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப இத யாருகிட்டக்கா சொல்றது?” என்று கேட்டான் தனிஸ்லாஸ்.

ஜெசிந்தா கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தாள்.

“இரு. வர்றேன்” என்றாள்.